துஷ்ட மீன் சகவாசம்

சாதுவான மீன்களையே வளர்த்து வளர்த்து அலுத்துப்போன மனிதனின் உள்ளத்தில், துஷ்ட மீன் ஒன்றை வளர்த்துப் பார்த்தால் என்ன என்ற விபரீத ஆசை என்றைக்காவது ஒரு நாள் தலைகாட்டாமல் இருப்பதில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியிடமும், வீட்டில் மனைவியிடமும், தெருவில் ஆட்டோக்காரரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத கிருகஸ்தர்களுக்கே இந்த ஆசை அதிக உக்கிரத்தோடு உண்டாகிறது என்பது என்னை வைத்தும் என் சிநேகிதர்களை வைத்தும் நான் கண்டறிந்த சங்கதி. புலி வளர்க்கச் சட்டம் இடம் கொடாது. நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் இடம் கொடார். ஆனால் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் பரம கொடியவன் ஒருவனுக்கு அடைக்கலம் தருவதை இருவருமே பெரிதாக ஆட்சேபிப்பதில்லை.

என் தங்கை மகன் இந்த சாஸ்திரத்தில் பண்டிதன். "மாமா, கப்பி, மோலியெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம். நீங்க மான்ஸ்டருக்கு வந்துடுங்க" என்று உபதேசித்து, என்னைக் கொளத்தூருக்கு அழைத்துப் போனான். சென்னையில் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன அந்தப் பிரதேசத்தில், ஆக்ஸிஜன் ஊதிய பாலிதீன் பைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் நடமாடும் தெருக்களில் நாங்கள் படியேறாத கடை சொற்பம். உலகத்தின் சகல கொடியவர்களும் அங்கே கட்டைவிரல் பருமனில், பார்த்தால் இரக்கம் பிறக்கும் கோலத்தில் இருந்தார்கள். கடைக்காரர் ஒருவர், மீனைப் பற்றி நான் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு புன்சிரிப்பால் ஒதுக்கிவிட்டு, "எத்தனை அடி டேங்க் சார் போடப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார். துஷ்ட மீனைத் தேர்ந்தெடுக்கும் காரியம் மீனின் பற்களைப் பற்றிய விசாரணையாகத் தொடங்கி, அதை வாங்குபவனுடைய சுவர், தரை, மின்சாரக் கட்டணம், மனைவி ஆகியவற்றைப் பற்றிய விசாரணையாகப் பரிணமிக்கும் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

முதலில் அரவானாவைப் பார்த்தோம். வெள்ளித் தகடுபோன்ற செதில்களும், மேல்நோக்கி வெட்டிய வாயும், தாடையில் இரண்டு மீசையுமாக நீர்மட்டத்தை ஒட்டியே பவனி வரும் அந்த மீனை வாஸ்துவின் பெயரால் வாங்கிப்போகிறவர்கள் அநேகர். ஆசியாவில் பிறந்த அதன் உறவினர்களைச் சர்வதேச வர்த்தக ஒப்பந்தமே கட்டுக்காவலில் வைத்திருக்கிறது. நாங்கள் பார்த்ததோ அமேசான் நதியின் வெள்ளி அரவானா. வெள்ளக் காலத்தில் நீரை விட்டு எம்பி, கிளையில் உட்கார்ந்திருக்கும் வண்டைக் கவ்வுவது அதன் குலத்தொழில். ஆகையால் தொட்டிக்குக் கனமான மூடி அவசியம். மூன்றடி நெருங்கும்வரை வளர்வதால், தொட்டி எட்டடிக்குக் குறையக் கூடாது. எங்கள் கூடத்தில் எட்டடி இடம் வேண்டுமானால் சோபாவை விற்கவேண்டும். சோபா சீர்வரிசையில் வந்தது. தவிரவும், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவது அந்த இனத்தில் தகப்பன்தான் என்று மருமகன் சொன்னதும் எனக்கு உற்சாகம் குன்றிவிட்டது. வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்தும் தகப்பனைப் பார்க்க நான் காசு கொடுக்கவேண்டியதில்லை.

அடுத்தது பிரானா. அதன் கீர்த்திக்கு மூலகாரணம் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். பிரேசில் காடுகளில் சுற்றிவிட்டு 1914-ல் அவர் வெளியிட்ட புத்தகம், உலகத்திலேயே மகா மூர்க்கமான மீன் இதுதான் என்று பறைசாற்றியது. பிற்காலத்தில் அமேசானில் ஆராய்ந்த விஞ்ஞானிகளோ, பிரானாக்கள் கூட்டமாகத் திரிவது பிறரைத் தாக்குவதற்காக அன்று, தங்களைத் தின்ன வரும் முதலைக்கும் நீர்க்காக்கைக்கும் அஞ்சித்தான் என்று கண்டார்கள். தொட்டியிலும் அதன் சுபாவம் அதுவே: கூடத்தில் யாராவது உரக்கத் தும்மினால் மூலையில் ஒடுங்கிவிடும்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் இந்தத் தகவல்களுக்கெல்லாம் அப்பாற்பட்டவர். எங்கோ ஒரு கடையில் 'அசல் பிரானா' என்று சொல்லிக் கொடுத்த செவ்வயிற்றுக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்து, பேரக்குழந்தைகள் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்று எச்சரிக்கைப் பலகைகூட மாட்டியிருந்தார். கொடியவன் மாமிசத்தைச் சீந்தவில்லை. ஒருநாள் தவறி விழுந்த முருங்கைக்கீரையை அது ரசித்துத் தின்றதைக் கண்டு அவர் அடைந்த மனக்கிலேசம் கொஞ்சநஞ்சமல்ல. அது பிரானாவின் தாயாதியான பக்கு. ஆந்திரத்துப் பண்ணைகளில் வளர்த்து, 'ரூப்சந்த்' என்ற பெயரில் மீன் மார்க்கெட்டுகளில் விற்கப்படும் சாட்சாத் அதே மீன். பழமும் கொட்டையும் கடிப்பதற்கென்றே மனிதர்களின் கடைவாய்ப் பல்லைப்போன்ற பற்கள் அதற்கு உண்டு. தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்ட அந்த ஜீவனுக்கு இப்பொழுது தினம் ஒரு கட்டுக் கீரை ஆகிறது. எச்சரிக்கைப் பலகையை மட்டும் அவர் இன்னும் கழற்றவில்லை.

மருமகன் மனம் தளராமல் சன்னாவுக்குத் தாவினான். பிரம்மபுத்திராப் படுகையில் வளையில் வசிக்கும் சன்னா பார்கா என்ற இனத்துக்கு ரசிகர்கள் கொட்டிக் கொடுக்கும் தொகையைக் கேட்டு, அதுவரை மௌனம் சாதித்த என் மனைவி, கைப்பேசியில் இருந்த படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். அவள் காவிரிப் பாசனத்தில் பிறந்தவள். "என்னங்க இது, நம்ம விரால் ஜாதி! குழம்பு வைக்கிறதைக் கொண்டாந்து கூடத்துல வச்சுக் கும்புடணுமா?" என்றாள். சேறு வற்றினாலும் காற்றைச் சுவாசித்து உயிர் பிழைக்கும் இந்த விரால் குடும்பம் முழுவதையும், உயிரோடு உள்ளே விடக்கூடாது என்று 2002-ல் அமெரிக்க அரசாங்கமே தடை போட்டிருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியாது" என்று அவள் வழக்கை முடித்துவிட்டாள்.

உண்மையான கொடுமையைக் காண விரும்புகிறவர்கள் அங்குலக் கணக்கில் தேடக் கூடாது. கேரளத்து ஆறுகளில் வசிக்கும் குட்டிப் பேத்தை மீன் ஒன்று உண்டு. 1941-ல் ஹோராவும் நாயரும் திருவாங்கூரின் பெயரைச் சேர்த்து அதற்கு விஞ்ஞான நாமகரணம் செய்தார்கள். முழு வளர்ச்சியில் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும். இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி, நத்தை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டும் கணத்துக்காக நிதானமாகக் காத்திருந்து, ஒரே கொத்தில் காரியத்தை முடிக்கும். நத்தை தீர்ந்துபோனால், தன்னைக்காட்டிலும் பெரிய மீன்களின் வாலைச் சாவகாசமாகக் கடித்துப் பார்க்கும். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு; ஆனால் வருகிற விருந்தாளிகளுக்கு அதைக் காட்டிப் பெருமை கொள்ள ஒரு பூதக்கண்ணாடி தேவைப்படும்.

கடைசியில் ஆஸ்கர் என்ற மீனில் சமாதானம் ஏற்பட்டது. கடைப்பையன் தொட்டியில் ஒரு கப்பியை விட்டான்; ஆஸ்கர் அசையவில்லை, துரத்தவில்லை. வாய் திறந்தது, செவுள் மூடிகள் விரிந்தன, கப்பி இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. ஓரடி வரை வளரும், பத்து வருஷத்துக்கு மேல் ஜீவிக்கும் என்றார் கடைக்காரர். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. அதில் சுமார் 255 லிட்டர் தண்ணீர். கல்லும் கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்து 300 கிலோவுக்கு மேல் போகும் என்று கணக்கிட்டதும், கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தம் கட்டிலை எங்கள் கூடத்துக்கு நேர்கீழே இருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டார். உயிர் மீன் தீனி போட்டால் நோயும் கூடவே வரும், தங்க மீனையே தின்றுவந்தால் வைட்டமின் பி1 குறைந்துபோகும் என்பதால், வேட்டைக்காரனுக்கும் பெல்லெட்தான் ரேஷன்.

வந்த புதிதில் அது ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்து உண்ணாவிரதம் இருந்தது. நான் அழகாக அடுக்கியிருந்த கூழாங்கற்களை வாயால் கவ்வி இடம் மாற்றியது. நான் திரும்ப அடுக்கினால் மறுபடியும் முரண்டு. என் மனைவிதான் இரக்கப்பட்டு, இறால் ஒன்றை உரித்து, நறுக்கி, விரல் நுனியில் நீட்டினாள். அன்று முதல் அவள் சமையலறையிலிருந்து வெளிப்பட்டால் அது கண்ணாடியோரம் வந்து உடம்பையே ஆட்டுகிறது; நான் போய் நின்றால் சாவதானமாக முதுகைக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கிவரும் இறாலை அவள் முறத்தில் பரப்பிப் பெரிதும் சிறிதுமாகப் பிரிக்கும்போது, பெரியதெல்லாம் தொட்டிக்கும் சிறியதெல்லாம் தொக்குக்கும் போவதைச் சென்ற வாரம் நான் மெதுவாகப் பிரஸ்தாபித்தேன்.

"அது வளர்ற உயிருங்க" என்றாள் நிமிராமலே. "நீங்கதான் வளர்ந்து முடிச்சாச்சே!"