பவழமல்லிப் பெயர்ப்பு: ஒரு முன்னோடி ஆய்வு

அம்பர்நாத் கிழக்கில் எங்கள் சொசைட்டி வாசலில், தண்ணீர்த் தொட்டிக்கும் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு பவழமல்லி நின்றது. உயரம் இரண்டு ஆள். அதை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்பது செயலாளரின் கருதுகோள். “இந்த ஊர் சிவன் கோயில் 1060லேர்ந்து ஒரே இடத்துல நிக்கறது, இதுக்கு இருபது வருஷம் கூடக் கொடுக்க மாட்டேளா?” என்பது முதல் மாடி மாமியின் எதிர்வாதம். மூன்று பொதுக்குழுக்களில் தீராத இந்த விவாதத்தை அறிஞர் உலகின் முன் வைக்கிறேன்.

முதற்கண், இது செடியா மரமா? செடி என்றால் ஓர் அரிவாள் போதும். மரம் என்றால் 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். மர ஆணையத்தின் அனுமதி வேண்டும். செயலாளர் செடிக் கட்சி, மாமி மரக் கட்சி. லின்னேயஸ் 1753இல் இதற்கு இட்ட லத்தீன் பெயரிலேயே ‘சோக மரம்’ என்று இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து மாமிக்கு ஒரு சாட்சி வருவார் என்று செயலாளர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் கூட்டப் பதிவேட்டில் செடி என்றும் நகராட்சி விண்ணப்பத்தில் மரம் என்றும் எழுதினோம்.

அடுத்து, வெட்டாமல் பெயர்த்து நடுவதற்கு முன்னுதாரணம். பாரியை இங்கே இழுக்க முடியாது. அவர் முல்லைக்கொடியை நகர்த்தவில்லை, தேரை அதற்கு விட்டுவிட்டு நடந்தார்; நாங்கள் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடக்க, இங்கிருந்து மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் 60 கிலோமீட்டர். நமக்கு உதவுபவர் கிருஷ்ணர். இந்திரனின் தோட்டத்துப் பாரிஜாதத்தை வேரோடு பிடுங்கி, கருடன் மேல் ஏற்றி, துவாரகையில் நட்டார். வேரைச் சுற்றிய தாய்மண்ணோடு எடுத்தாரா, கிளையைக் கழித்தாரா என்று புராணம் சொல்வதில்லை. நட்டது சத்தியபாமா முற்றத்தில், பூ விழுந்தது ருக்மிணி முற்றத்தில் என்ற கதையை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பாரிஜாதம் பவழமல்லிதானா என்றும் தகராறு உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கிந்தூரில் ஒரு பருத்த பாவோபாப் மரத்தையே பாரிஜாதம் என்று கும்பிடுகிறார்கள். எங்கள் மராத்திக் காக்கூவுக்கு இது பிராஜக்தா. அவரிடம் ஆய்வு எடுபடாது.

எங்களிடம் கருடன் இல்லாததால் முறைப்படி செய்தோம். ஜனவரியில் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி அரைவட்டமாகப் பள்ளம் வெட்டி, வேரை அறுத்து, மக்கிய எரு கலந்த மண்ணால் மூடினோம். மீதி அரைவட்டம் ஏப்ரலில். ஒரே நாளில் சுற்றி வெட்டினால் செடி தாகத்திலேயே செத்துப்போகும். பாதி பாதியாக வெட்டினால் அறுந்த இடத்தில் சல்லிவேர் விடும், அதுதான் புது இடத்தில் தண்ணீர் குடிக்கும். ஒன்றரை அடிக்குக் கீழே முரம் என்கிற கெட்டிச் சரளை, கடப்பாறை எகிறியது. ஜூனில் மழை பிடித்ததும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, தாய்மண்ணை ஈரச் சாக்கால் இறுக்கிக் கட்டி, எட்டுப் பேர் தூக்கிப் பின்பக்கச் சுவரோரம் பழைய ஆழத்திலேயே வைத்தோம். கிழக்குப் பார்த்த கிளையில் மாமி கட்டிய சிவப்பு ரிப்பன் மறுபடி கிழக்கே பார்த்தது.

பதினைந்தே நாளில் இலை முழுக்கக் கொட்டியது. செயலாளர் இரங்கல் தொனியில் பேச ஆரம்பித்தார். ஆகஸ்டில் கணுவுக்குக் கணு துளிர்.

அக்டோபரில் பூத்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வேர்; பூவெல்லாம் அந்தப் பக்கத்து சொசைட்டியில் விழுகிறது. தரையில் விழுந்ததையும் பூஜைக்கு எடுக்கலாம் என்ற சலுகை இந்தப் பூவுக்கு உண்டாம். தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் செயலாளர் வீட்டம்மாள் கூடையோடு பக்கத்து கேட்டில் வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறார்.