ராத்திரி ஒம்பது மணி ஜமீன்தார்

ஏலே பேராண்டி, இங்கன வா. திண்ணையில உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம். அது ஒங்கப்பன் தவணையில வாங்குனது, இன்னும் ரெண்டு தவணை பாக்கி. ஒரு காலு கடைக்காரனோடது, சாஞ்சிராதே.

மாசம் நாப்பத்தஞ்சாயிரம் சம்பளம்னு ஒங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதா. நீ என்னடான்னா இருவத்தாறாந்தேதி போனைப் போட்டு, "தாத்தா, ஒரு ஐந்நூறு இருக்குமா"ங்கே. இருக்கும்யா. மாசக் கடைசியில ரொக்கம் இருக்கது முதியோர் பென்ஷன் வாங்குத கெழவங்கிட்டதான். ஐ.டி. கம்பெனிக்காரன் எங்களை நம்பித்தானே பொழைக்கான்.

நேத்து ஒன் போன்ல இருக்க வரவு செலவை வாசிச்சுக் காட்டச் சொன்னேன்லா, அப்பமே ஒரு சங்கதியப் பிடிச்சிட்டேன். நீ தொகைய வாசிச்சே, நான் நேரத்தைக் கேட்டுட்டு இருந்தேன். காலையில டீ, பன்னண்டு ரூவா. மத்தியானம் கம்பெனி கேன்டீன்லயே சோறு. சாயங்காலம் பஸ்ஸு. பகல் பூராம் ஒன்ன மாதிரி சிக்கனக்காரன் விளாத்திகுளம் தாலுகாவுலயே கிடையாது. ராத்திரி ஒம்பது அடிச்சதும் எட்டயபுரம் ஜமீன்தார் ஆயிடுதே! ஒம்பதரைக்குப் பிரியாணி. பத்தேமுக்காலுக்கு ஐஸ்கிரீமு. பன்னண்டே காலுக்குச் செருப்பு. ஏலே, நடுச்சாமத்துல செருப்பு வாங்கி எங்க நடக்கப் போறே?

வயித்துப் பசி ஒம்பது மணிக்குள்ள அடங்கிரும். அதுக்கு மேல பசிக்கது வேற. ரூமுக்குள்ள நொழஞ்சு கதவைச் சாத்தி ஃபேனைப் போட்டா, அங்க நீயும் ஃபேனும்தான். ஃபேனாவது கொஞ்சம் முனகும். ஒன்னோட ஒனக்குப் பேச்சு வரல. அந்தக் கூச்சத்துல போனை எடுக்கே. அந்தப் பிரியாணிக்கு 280 ரூவா குடுத்தேல்லா, அதுல பாதி, யாரோ ஒருத்தன் வந்து ஒன் கதவைத் தட்டுததுக்குக் குடுத்த கூலி. முந்தியெல்லாம் நோட்டை எண்ணிக் குடுக்கையில கை கொஞ்சம் இழுக்கும். 2016ல யூபிஐ வந்துச்சு, அந்த இழுப்பும் போச்சு.

வெள்ளிக்கெழமைக் கதை இன்னும் ருசி. "ஃபிரண்ட்ஸ் கூப்பிட்டாங்க தாத்தா, போகாட்டி தப்பா நெனைப்பாங்க." அஞ்சு பேரு போறீக. நாலு பேரு மட்டனு, மீனுன்னு வெளுக்கான். நீ சளி பிடிச்சிருக்குன்னு ஒரு லெமன் ஜூஸைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கே. பில்லு வந்ததும் ஒருத்தன், "அஞ்சாப் பிரிச்சுக்கலாம்டா"ங்கான். நீயும் பல்லைக் காட்டிட்டு 740 ரூவாயத் தட்டிவிடுதே. அம்புட்டு வெலைக்கு லெமன் ஜூஸு வித்தா, நான் இந்தப் பருத்தியப் பிடுங்கிப் போட்டுட்டு எலுமிச்சங்கன்னு வச்சிருப்பேனே! மறுநாள் அந்த நாலு பேருல ஒருத்தனாவது சளி எப்பிடி இருக்குன்னு கேட்டானா? சிநேகிதம் வேண்டாங்கல. ஞாயித்துக்கெழமை காலையில அவனுவளை டீக்கடைக்குக் கூப்பிட்டுப் பாரு. வாரவன் சிநேகிதன். வராதவன் மட்டனுக்கு வந்தவன்.

இப்ப ஒன் பர்ஸுல பளபளன்னு ஒரு அட்டை கெடக்கே, அதுக்கு வருவோம்.

நம்ம தெருவுல ஒருத்தரு வட்டிக்கு விடுதாரு, நூத்துக்கு மாசம் ரெண்டு ரூவா. அவரு நடந்து வந்தா, "கந்துவட்டி வாராரு"ன்னு கேலி பண்ணுதே. அதுக்கு 2003லயே சட்டம் போட்டாச்சு, உள்ள தூக்கி வைக்கலாம்னு எனக்கே பாடம் எடுத்தே. சரி, ஒன் கிரெடிட் கார்டுக்கு எம்புட்டு வட்டின்னு கேட்டேன். தெரியலன்னே. நம்ம ஊரு வாத்தியாரைக் கூப்பிட்டு அந்தக் கார்டு பில்லை வாசிக்கச் சொன்னேன். மாசம் மூணரையாம். வருசத்துக்கு நாப்பத்திரெண்டு! ரெண்டு ரூவா வாங்குத மனுசன் கந்துவட்டிக்காரரு. மூணரை வாங்குதவரு "டியர் கஸ்டமர்"ங்காரு, ஒன் பொறந்த நாளைக்கு வாழ்த்து அனுப்புதாரு. மரியாதைக்கு மட்டும் ஒண்ணரை ரூவா போலுக்கு.

அதுல மினிமம் டியூன்னு ஒரு மாயம் இருக்கு. அம்பதாயிரம் பாக்கின்னு வச்சுக்க. நூத்துக்கு அஞ்சு கட்டுனாப் போதும்யாங்கான். 2,500 ரூவாயக் கட்டிட்டு, கடனையே அடைச்ச மாதிரி மீசையத் தடவுதே. அதுல வட்டி 1,750. அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம், 315. மிச்சம் 435 ரூவாதான் அசல்ல கழியுது. இந்த லெச்சணத்துல அந்தச் செருப்பையும் அதே கார்டுல வாங்குனேன்னு வையி, பழைய பாக்கி நிக்கதுனால அதுக்குத் தவணை நாள் சலுகையும் கிடையாது. வாங்குன அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும். செருப்பு இன்னும் வீட்டுக்கே வந்திருக்காது, வட்டி நடையக் கட்டியிருக்கும்.

கார்டே கூடாதுன்னு சொல்லுதேன்னு நெனைக்காதே. கெடு தேதிக்குள்ள முழுசாக் கட்டிட்டா, அவன் காசுல ஒரு மாசம் நீ பொழைக்கலாம். அது நல்ல சூட்சுமம்தான், எனக்குக் குடுத்தா நானே செய்வேன். மினிமம் கட்டுனா ஒன் காசுல அவன் பொழைப்பான். அதனால மொதல்ல அந்தப் பாக்கிய ஒழி. அதுக்குன்னு பி.எஃப்.ல கைய வைக்காதே. ஒன் அடிப்படைச் சம்பளத்துல நீ பன்னண்டு சதவீதம் போடுதே, கம்பெனியும் அதே அளவு போடுது. கம்பெனி மாறுனாலும் யூ.ஏ.என். நம்பரு மாறாது, கூடவே கொண்டு போயிரலாம். அஞ்சு வருசத்துக்குள்ள உருவுனா வரி வேற வரும். கம்பெனி மாறும்போதெல்லாம் அதை உருவிட்டுக் கோவா போறான் பாரு, அவன் அறுபது வயசுலயும் வேலைக்குத்தான் போவான்.

சேக்கதுக்கு நான் ஒண்ணும் புதுசாச் சொல்லப் போறதில்ல. கம்பு அடிச்சு முடிச்சதும் ஒன் ஆச்சி மொதல்ல விதைக் கம்பைத்தான் ஒதுக்குவா. சாம்பல் கலந்து பானையில கொட்டி, வாயைச் சாணி போட்டு மெழுகி, மூலையில வச்சிருவா. அதுக்கப்புறந்தான் சோத்துக்கு அளக்கது. ஒரு பஞ்ச வருசத்துல நான் அந்தப் பானையப் பாத்தேன். அவ அகப்பையப் பாத்தா. நான் பானையப் பாக்கதை விட்டுட்டேன். நீ என்னடான்னா தின்னு முடிச்சிட்டு மிச்சத்தைச் சேக்கலாம்னு இருக்கே. மிச்சம்னு ஒண்ணு ஒலகத்துல உண்டுன்னு எல்லாரும் சொல்லுதாக, நான் இதுவரைக்கும் கண்ணால கண்டதில்ல.

ஒண்ணாந்தேதி சம்பளம் வந்தா ரெண்டாந்தேதி அதுவா ஒரு பங்கு போயிரணும், ஒங்கிட்ட கேக்கவே கூடாது. போஸ்டாபீஸ் ஆர்.டி. இருக்கு. மாசம் நூறு ரூவாயில கூட ஆரம்பிக்கலாம், அஞ்சு வருசக் கணக்கு. 6.7 சதவீத வட்டின்னு வச்சா, மாசம் ரெண்டாயிரம் கட்டுனவனுக்கு, போட்ட ஒரு லட்சத்து இருவதாயிரம், ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரத்துச் சொச்சமாத் திரும்பி வரும். ஒனக்கு இது பத்தாது, தெரியும். "ரூம்மேட் ஒருத்தன் மாசம் நூத்துக்குப் பத்து தாரேங்கான் தாத்தா"ன்னு ஆரம்பிச்சே, நான் அப்பமே காது கேக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழின்னு ஒண்ணு வந்துச்சு. ஆள் ஒசரம் நிக்கும். கோழிய வளருங்க, மாசாமாசம் பணம் தாரோம்னாக. 2012ல கோழி இருந்துச்சு, பணத்தையும் காணல, பணம் தாரேன்னவுகளையும் காணல. மாசம் பத்து தாரேங்கிறவன், பேங்குல வருசத்துக்குப் பதினொண்ணு பன்னண்டுக்குக் கடன் வாங்காம ஒங்கிட்ட எதுக்குல வாரான்? அதை மட்டும் கேளு. சீட்டுப் போடணும்னா பதிவு பண்ணுன சீட்டாப் பாத்துப் போடு. அம்புட்டுத்தான், காசுப் பேச்சு போதும். எனக்கே கொட்டாவி வருது.

அந்த ராத்திரி ஒம்பது மணியைத்தான் என்ன செய்யன்னு பாக்கணும்.

ஒன் வயசுல நான் காட்டுக் காவலுக்குப் போவேன். கிணத்தடியில கொஞ்சம் கடலை போட்டிருந்தோம், பன்னி வந்தா ஒரே ராத்திரியில கிண்டிட்டுப் போயிரும். பரண் மேல ஒரு அரிக்கேன், ஒரு கம்பளி, தட்டுததுக்கு ஒரு தகர டப்பா. "பாவம், பய ஒத்தையில கெடக்கான்"னு வீட்டுல எல்லாரும் உருகுவாக. நானும் மூஞ்சியப் பாவமாவே வச்சுக்கிடுவேன். நெசத்தைச் சொல்லட்டா? வீட்டுல பதினோரு உருப்படி. ஒருத்தருக்கொருத்தர் வாக்குவாதம் ஓயாது. பரண்ல யாரு இருக்கா வாக்குவாதம் பண்ண? பன்னி எப்பமாவதுதான் வரும். அதைச் சொல்லிச் சொல்லியே கடலை பிடுங்குத வரைக்கும் காவலுக்குப் போனேன். கடைசிக்கு நானே ரெண்டு எடத்துல மண்ணைக் கிண்டி வச்சிட்டு, பன்னின்னு சொன்னேன். ஒங்கப்பன்ட்ட சொல்லிராதே.

மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. நரி ஊளையிடும், ஓலை சலசலங்கும். அப்புறம் மனசுக்குள்ள கெடந்த பழைய கணக்கெல்லாம் மேல வந்துச்சு: எவன் என்ன சொன்னான், நான் என்ன திருப்பிச் சொல்லியிருக்கணும்னு. அதையும் பேசித் தீத்தேன், சத்தமாவே. கேக்கதுக்கு ஆளு இல்லேல்லா. எல்லாம் ஓஞ்ச பொறவு யோசனை தெளிஞ்சுது. கிணத்துக்கு மோட்டார் வைக்கணும்னு முடிவு பண்ணுனது அங்கதான். ஒன் ஆச்சியக் கட்டணும்னு முடிவு பண்ணுனதும் அதே பரண்லதான். மோட்டாரு அப்பப்ப மக்கர் பண்ணும்.

"நானும் ரூம்ல தனியாத்தான் தாத்தா இருக்கேன்"ங்கே. எங்க இருந்தே? கையில ஒரு போனு, அதுக்குள்ள ஆயிரம் பேரு ஆடுதான், பாடுதான், புது வீட்டுக்குப் பால் காச்சுதான். சந்தைக்கு நடுவுல உக்காந்துட்டுத் தனிமை தாங்கலன்னு அழுதா எப்பிடி? பத்து மணிக்கு அதை அடுப்படியில சார்ஜுல போடு. என்னமும் வாங்கணும்னு கை துறுதுறுங்குதா, கூடையில போட்டு வை. விடிஞ்சு பல்லு வெளக்கிட்டுப் பாரு. பாதி சாமானைப் பாத்து, இதை எவன் கேட்டான்னு நீயே சொல்லுவே.

லீவு நாள்ல ரூமுலயே கெடக்காதே. நீ இருக்க சென்னையிலயே, கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2010ல தொறந்தது. சும்மாவே உள்ள போகலாம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய் உக்காந்து வாசிக்கவும் எடம் விட்டிருக்காக. ஏ.சி. வேற. ஏ.சி.க்காக முந்நூறு ரூவாய்க்குக் காப்பி வாங்குத ஆளு நீ, ஒனக்கு அது கோயிலு மாதிரி. இல்லையா, பீச் ஸ்டேசன்ல பறக்கும் ரயிலு ஏறி வேளச்சேரி வரைக்கும் சன்னலோரமா உக்காந்துட்டுப் போ. ஒரு டீக் காசுதான். அப்புறம், ஓட்டலுக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்குன்னு சொன்னியே, அதைக் கேட்டுட்டு எனக்கு ராத்திரி பூராம் சிரிப்பு. நாலு இட்லி திங்கதுக்கு எதுக்குல சாட்சி?

இந்த ஒண்ணை மட்டும் கேலி இல்லாமச் சொல்லுதேன். நாள்கணக்குல சோறு எறங்கல, தூக்கம் பிடிக்கல, பெத்தவ போனைக் கூட எடுக்கத் தோணலன்னா, அது நான் சொல்லுத தனியா இருக்கது கிடையாது. அதுக்கு டாக்டரு இருக்காக. அரசாங்கம் 14416ன்னு ஒரு நம்பரும் வச்சிருக்கு, எந்நேரமும் பேசலாம். எனக்கும் போடு. நான் ராத்திரி முழிச்சுத்தான் கெடப்பேன், காவல்காரன் பழக்கம்.

சரி, எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஊருக்குப் போனதும் மொத வேலையா அந்த ஆர்.டி.யத் தொறந்திரு. பாரத்துல நாமினின்னு ஒரு கட்டம் இருக்கும். பாசத்துல எம்பேரை எழுதித் தொலைச்சிராதே. போஸ்ட்மாஸ்டரு என் வயசைப் பாத்துட்டு, பய வெவரந்தெரியாதவன்னு நெனைச்சிருவாரு. ஒங்கம்மா பேரைப் போடு.