வாக்வே: கோல சிலாங்கூர் வட்டார மணவறைப் பாதை குறித்த ஓர் ஆய்வு

மண்டப வாசலிலிருந்து மணவறை வரை, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே விடப்படும் இடைவெளியைக் கோல சிலாங்கூர் வட்டாரத்து டெக்கரேஷன்காரர்கள் ‘வாக்வே’ என்கிறார்கள். மணவறைக்கு ஒரு விலை, வாக்வேக்குத் தனி விலை. தமிழில் பெயர்கூட இல்லாத ஒரு வெற்றிடத்துக்கு ரிங்கிட்டில் விலை வந்தது எப்படி என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

முதலில் இலக்கியச் சான்று. அகநானூறு 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறார். உளுந்து போட்டுக் குழைய வைத்த சோறு இருக்கிறது, பெரிய பந்தல் இருக்கிறது, கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை எல்லாம் இருக்கின்றன. வாக்வே இல்லை. காரணம் எளிது, நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் பாதை எதற்கு? பெண்ணை அழைத்து வரும்போது “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றால் வழி பிறக்கும், அவள் தாண்டியதும் மூடிக்கொள்ளும். ஆகவே வாக்வேயைப் பெற்றெடுத்தது பிளாஸ்டிக் நாற்காலி. இது என் முதல் கருதுகோள். இரண்டாவதும் இதுதான்.

லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்ட காலத்தில் அலங்காரம் முழுவதும் தலைக்கு மேலே இருந்தது. முதல் நாள் ராத்திரி பையன்கள் கூடிக் குருத்தோலைத் தோரணம் பின்னுவார்கள். மங்கலத் தோரணம் என்றால் ஓலைக் குருவி நான்கு, தலை மேலே பார்க்க வேண்டும். துக்கத்துக்கு மூன்று, தலை கீழே. இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் காப்பிக் குவளையோடு பக்கத்தில் உட்கார்ந்து, பின்னியதில் பாதியைப் பிரிக்கச் சொல்வார். அவர் தூங்கிய பிறகுதான் வேலை ஓடும்.

தோரணம் அருகியதற்கு நாகரிகத்தைக் குறை சொல்வது வழக்கம். தாவரவியலையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் என்றே ஒரு தோட்டம். (ஊரின் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், தோட்டத்தின் பெயரில் யாரும் கை வைக்கவில்லை.) அந்தத் தென்னமரத்தில்தான் 1917இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்டார். அவர் பிறகு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். தோரணக்காரர்கள் பக்கமிருந்து அவருக்குப் பரிசு எதுவும் இல்லை. தென்னங்கீற்றில் ஓலைகள் ஒரே மட்டத்தில் ஒழுங்காகப் படிந்திருக்கும். செம்பனையில் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், மட்டையில் முள் வேறு. குருவி பின்னப் போனால் முள்ளம்பன்றிதான் வரும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஓலை. தோரணத்துக்கு மட்டும் ஜெராம், தஞ்சோங் காராங் என்று கடலோரத் தென்னையைத் தேடிப் போக வேண்டும்.

மேலே ஓலை குறையக் குறைய, கீழே கார்ப்பெட் விரிந்தது. இரண்டு ஓரமும் தூண், தூணின் மேல் துணிப்பூ, தூணுக்குத் தூண் மின்விளக்குச் சரம். இந்த விளக்கு வரிசையைத் தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று டெக்கரேஷன்காரர்கள் நினைத்தால் கம்போங் குவாந்தானுக்கு ஒருமுறை போய் வரட்டும். சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கிப் பெண் மின்மினிகளைக் கூப்பிடுகின்றன. இருட்டில் துடுப்புப் படகு நடுவே போகிறது. இரு பக்கமும் விளக்கு, நடுவில் பாதை, நோக்கம் கல்யாணம். வாக்வேயின் இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. அங்கே ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக்கூடாது என்பதுதான் வித்தியாசம்.

இனிக் கள ஆய்வு. அண்மையில் ஒரு கல்யாணத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். மணப்பெண் வாக்வேயில் இருந்தது ஒரே நிமிடம். மற்ற நேரமெல்லாம் அது சறுக்கி விளையாடும் பிள்ளைகளுக்கும், பின்பக்கமாகவே நடந்து பழகிய வீடியோக்காரருக்கும், தாம்பூலப் பை தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஓடியவருக்கும் சொந்தமாக இருந்தது.

ஒரே ஒரு பாட்டி மட்டும் கார்ப்பெட்டில் கால் வைக்கவில்லை. தூணுக்கும் நாற்காலிக் காலுக்கும் நடுவில், சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நடந்தார்.

“மேலேயே நடங்க பாட்டி, அதுக்குத்தானே போட்டிருக்கு.”

“வேணாம்பா. காசு கொடுத்துப் போட்டிருக்காங்க, பொண்ணு நடக்கட்டும்.”

கி.மு. 458இல் மேடையேறிய எஸ்கிலசின் கிரேக்க நாடகத்தில், போரில் வென்று திரும்பும் அகமெம்னானுக்கு மனைவி சிவந்த துணியை விரிக்கிறாள். தெய்வங்களுக்கு உரியதை மனிதன் மிதிக்கலாமா என்று அவனும் தயங்குகிறான், பிறகு மிதிக்கிறான், வீட்டுக்குள் போனதும் கொலையாகிறான். பாட்டி பத்திரமாகப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தார்.

தாலி கட்டி முடிந்து, ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பையன்கள் கார்ப்பெட்டைச் சுருட்டத் தொடங்கினார்கள். ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பும் அதோடு சேர்ந்து சுருண்டது. ஆய்வின் ஒரே தடயப் பொருள் ஆயிற்றே என்று லாரி வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

“சாயங்காலம் சபாக் பெர்ணமில விரிப்போம்ணே,” என்றான் ஒருவன். “அங்க வந்து எடுத்துக்குங்க.”