கருவை வீடுகளில் சிக்னல் இயல்

புது வீட்டில் வைஃபை எட்டாத அறை எது என்பதைப் பால்காய்ப்பு முடிந்த பிறகே கண்டறிவது கருவை எனப்படும் கரிவலம்வந்தநல்லூரில் நிலைபெற்ற மரபு. வானம் தோண்டும் நாளை ஜோசியர் குறித்துத் தருகிறார். அடுப்புக்கு அக்னி மூலை, பீரோவுக்குக் கன்னி மூலை என்று வாஸ்து ஒதுக்குகிறது. மோடத்துக்கு மட்டும் எந்த நூலும் மூலை சொல்லவில்லை.

ஊரின் தத்துவ நிலையை முதலில் தெளிய வேண்டும். தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். பால்வண்ணநாதர் எழுந்தருளியுள்ள கரிவலம்வந்தநல்லூரோ நெருப்பு. அலை ஆகாயத்துக்குரியது எனக் கொண்டால் அது தேவதானத்தில் தாராளமாகவும் இங்கே சூடாகவும் கிடைக்க வேண்டும். டிவி அலமாரிக்குள் அடைத்த மோடத்தைத் தொட்டுப் பார்த்தவர் பிற்பகுதியை மறுக்கமாட்டார். முற்பகுதி இன்னும் நிறுவப்படவில்லை.

வீட்டு வைஃபை இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதில் பாதிகூட இல்லை. முன்னது நிதானம், ஆனால் சுவர் தாண்டும். பின்னது வேகம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த மத்திய அரசு 2005இல் வழிவிட்டது. கம்பி கட்டிய கான்கிரீட் தார்சு இன்றுவரை வழிவிடவில்லை. பட்டாசலில் ஓடும் படம் மச்சில் சுழலும் வட்டமாவது இதனால்தான். சீராக வந்த இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பும். அதன் கதவிலுள்ள ஆளுயரக் கண்ணாடியின் ரசப்பூச்சும் தன் பங்குக்கு உதவும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், எனவே மொட்டை மாடித் தொட்டிக்கு அந்தப் பக்கம் கட்டில் போட்டுக் கிரிக்கெட் பார்க்க முயலும் மாப்பிள்ளை இயற்பியலோடு மோதுகிறார்.

பூர்வபட்சம்: எல்லாம் காற்றில் வரும்போது வயர் எதற்கு? சித்தாந்தம்: காற்றில் வருவதும் வயர் வந்து நிற்கும் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. மச்சில் இன்னொரு கருவி வைத்து, கீழிருந்து அதுவரை கேட் 6 வயர் இழுக்க வேண்டும். அதற்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். ஒரு ஜோடியின் இரைச்சல் அடுத்ததில் ஏறாமல் காப்பது அந்த முறுக்கே. 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தாங்கும். தெருவாசல் முதல் புறவாசல் வரை இழுத்தாலும் மிச்சமிருக்கும். செம்பு பூசிய அலுமினிய வயரும் மலிவாகக் கிடைக்கிறது. நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும், வேண்டாம்.

காலம் முக்கியம். தார்சுக்குக் கம்பி கட்டும்போதே குழாய் பதித்து, பூச்சுக்கு முன் சுவரில் காடி வெட்டிவிட வேண்டும். கரண்டு வயரோடு ஒரே குழாயில் இழுத்துவிடலாம் என்னும் எலக்ட்ரீசியன் வாதம் ஏற்கத்தக்கதன்று. இரைச்சலும் உண்டு, ஆபத்தும் உண்டு. தனிக் குழாய், ஒரு சாணாவது தள்ளி. உள்ளே ஒரு நைலான் கயிறு கிடந்தால் பின்னாளில் எதையும் இழுக்கலாம். செலவு சொற்பம். ஆயினும் கையைக் கடிக்கும்போது எஸ்டிமேட்டில் முதலில் அடிபடுவது இந்த வரிதான். கேட் தூண்களின் இரண்டு சிங்கங்கள் ஒருபோதும் அடிபட்டதில்லை.

மோடம் வீட்டின் நடுப்பகுதியில், ஆளுயரத்துக்குமேல், திறந்த இடத்தில் இருப்பது நலம். நடைமுறையில் அதன் இடத்தை முடிவுசெய்பவர் இணைப்புக் கொடுக்க வரும் தம்பி. வீட்டுக்காரர் அவருக்கு டீ வாங்கப் போன நேரத்தில், பெயின்ட் காயாத சுவரில் ஜன்னலோரமாக டிரில்லர் இறங்கிவிடும். தெருப்பக்கச் சுவரில், மழை உள்ளே வராதபடி வெளிநோக்கிச் சரித்து, பைபருக்கென ஒரு குழாய் விட்டிருந்தால் இது நேராது. மோடத்தின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும்.

பூச்சு முடிந்த வீட்டார் சுவரோரமாகக் கேசிங் ஒட்டி வயர் கொண்டுபோகலாம், அல்லது அலையை வாங்கி மேலும் அனுப்பும் மெஷ் கருவிகள் வாங்கலாம். வயரில்லாமல் இரண்டாவது கருவியை வைப்பதானால் சிக்னல் செத்த அறையில் வைக்கக் கூடாது. பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வைக்க வேண்டும்.