இன்னும் பத்துக் குதிரை

பாகூர் ஏரிக்கரையிலிருந்து வில்லியனூர் ரயில்வே கேட் வரைக்கும் எந்த டீக்கடையில் நின்றாலும் அங்கே ஒரு ஜோஷ் அண்ணன் இருப்பார். கடைக்கு ஒருத்தர்தான். ஒரே கடையில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பெஞ்சு தாங்கினாலும் மற்ற வாடிக்கையாளர்கள் தாங்கமாட்டார்கள். வயசு நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். உரக்கடை வைத்திருப்பார், இல்லையென்றால் செங்கல் சூளை, அதுவும் இல்லையென்றால் அப்பா விட்டுப்போன ரெண்டு காணி நிலம். வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகையில், மாடுகளுக்கு இல்லாத மரியாதையோடு, தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நிற்கும்.

கார் என்றதும் ஃபெராரியை நினைக்க வேண்டாம். நம்மூரில் ஸ்போர்ட்ஸ் காருக்கு இலக்கணமே வேறு. 1990-களின் கடைசியில் கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒன்று செய்தார்கள். ரெண்டே சீட்டு, கூரையைக் கழற்றலாம், பார்க்கப் பந்தய வண்டி மாதிரியே இருக்கும், உள்ளே ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின். அதை ரோட்டில் பார்த்தவர்களே குறைவு. மற்றபடி நாலு கதவு வைத்த குடும்ப வண்டியில் கொஞ்சம் பெரிய இன்ஜின் இருந்தால், அது ஸ்போர்ட்ஸ் கார். ஃபியட் பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி வி-டெக், மிட்சுபிஷி லேன்சர் எல்லாம் இந்த ஜாதிதான். நான் சொல்லும் அண்ணனுடையது 2001-ஆம் வருஷத்து ஃபோர்டு ஐகான் 1.6. மறைமலை நகரில் பிறந்தது. 1597 சிசி, தொண்ணூறு குதிரைத்திறன். 'ஜோஷ் மெஷின்' என்று டிவியில் விளம்பரம் போட்டு விற்ற வண்டி. விளம்பரம் நின்றது, மாடல் நின்றது, 2022-ல் மறைமலை நகர் ஆலையே கார் செய்வதை நிறுத்தியது. பட்டப்பெயர் மட்டும் அண்ணனிடம் தங்கிவிட்டது.

நம்பர் பிளேட்டில் இருக்கும் பி.ஒய். என்கிற புதுச்சேரி எழுத்தில் அவருக்குத் தனிப் பெருமை. கேரளாவில் ஆடியும் பென்ஸும் வாங்கிய பெரிய மனிதர்கள் வரி குறைவு என்று புதுச்சேரியில் முகவரி காட்டிப் பதிவு செய்த விவகாரம் 2017-ல் வழக்கு வரை போனதல்லவா, அப்போது அண்ணன் டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அவனுங்க எல்லாம் வாடகை பி.ஒய்.டா. என்னது சொந்த பி.ஒய்."

தொண்ணூறு குதிரை இருக்கிறதே, இந்த ரோட்டுக்கு அது போதாதா என்று கேட்டுவிடக் கூடாது. அறுவடைக் காலத்தில் பாகூர்ப் பக்கம் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் கரும்பு ஏற்றின டிராக்டர் போகும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேகத்தடை, கோயிலுக்கு ஒன்று, சண்டை போட்டு வாங்கியது ஒன்று என்று ஊருக்கு மூன்று வேகத்தடை. மூன்றாவது கியர் போட்டால் அன்றைக்குத் திருவிழா. அதனால் என்ன? விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வந்துவிட்டதே, "இப்பதாண்டா வண்டிக்கு வேலையே" என்பார். அவருக்கு இன்னும் பத்துக் குதிரை வேண்டும். அதுவும் மலிவாக.

மலிவு என்றால் எவ்வளவு என்பது அவருடைய நோட்டில் இருக்கிறது. உரக்கடை பில் புத்தகம்தான் அது. கார்பன் தாளுக்குப் பின்பக்கம், ஆயில் பட்ட கட்டைவிரல் ரேகையோடு, திட்டம் விரியும். ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ, ஸ்டேஜ் த்ரீ. அண்ணியின் கண்ணில் பட்டாலும் புரியக் கூடாது என்பதற்காகச் செலவுகளை எல்லாம் உரத்தின் பேரில் எழுதி வைத்திருக்கிறார். நாலு குழாய் வைத்த எக்ஸாஸ்ட் ஹெடர் 27,000 ரூபாய், அதாவது இருபது மூட்டை டி.ஏ.பி. கம்ப்யூட்டரை ரீமேப் செய்ய 16,000. அறுபது மூட்டை யூரியா. கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். தப்பு எங்கே என்றால், கடையில் ஸ்டாக் பார்ப்பது அண்ணி.

"சம்பா நடவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள இருபது மூட்டை டி.ஏ.பி. எந்த ஊருக்குங்க போச்சு?"

"அது... அட்வான்ஸ் ஆர்டர்."

"யாரு?"

"ஃபோர்டு."

அவர் திட்டத்தில் ஒன்றும் அர்த்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. படித்த மனுஷன். இன்ஜின் என்பது காற்றை இழுத்துக் காற்றைத் துப்புகிற யந்திரம், இழுக்கிற வழியையும் துப்புகிற வழியையும் அகலப்படுத்தினால் பலம் கூடும் என்று அழகாகச் சொல்வார். சங்கதி சரி. ஆனால் துப்புகிற வழியை வெறுமனே அகலப்படுத்தினால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை செத்துப்போகும். மேலே ஐயாயிரம் ஆர்.பி.எம்.மில் நாலு குதிரை கிடைக்கும். கீழே இரண்டாயிரத்தில் ரெண்டு குதிரை ஓடிப்போகும். நம்ம அண்ணன் வாழ்வதெல்லாம் இரண்டாயிரத்தில்தான். ஹெட்டைக் கழற்றி லேத்துப் பட்டறையில் பேசிங் போட்டு, ஒரு மயிரிழை சீவி, கம்ப்ரஷனை ஏற்றலாம் என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏற்றலாம். பங்க்கில் கிடைக்கிற சாதா பெட்ரோலை ஊற்றினால் இன்ஜின் கடகடவென்று தட்டும். கடலூர்க்காரர்கள் விலை குறைவு என்று முள்ளோடைக்கு வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவதும் அதே பெட்ரோலைத்தான். விலை குறைந்தால் ஆக்டேன் கூடாது.

ரீமேப் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு ஆறாத புண். எதிர்வீட்டுப் பையன், இருபத்து நாலு வயசு, பழைய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறான். 75 குதிரை. ஒரு நாள் மத்தியானம் லேப்டாப்பைச் செருகி, சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்துக்குள் தொண்ணூறைத் தாண்டிவிட்டான். அவனுக்கு டர்போ இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கூட்டச் சொன்னால் அது கூட்டும். ஐகானுக்கு டர்போ கிடையாது. தானாக மூச்சு வாங்குகிற பெட்ரோல் இன்ஜினில் அதே லேப்டாப்பைச் செருகினால் நாலைந்து குதிரைக்கு மேல் பெயராது. இது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தப் பையன் வரும்போதெல்லாம் பேச்சைச் சோழவரத்துக்குத் திருப்புவார். ரெண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் எப்படிப் பந்தயம் நடந்தது, கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து எப்படி ஃபார்முலா மாருதி கட்டினார், இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் எந்த வளைவில் பிரேக்கைத் தொடக்கூடாது. கேட்பவர்களுக்கு இவரே ஓட்டியது மாதிரி இருக்கும். சோழவரத்துக்கு இவர் போனது சின்னப்பையனாக, மாமா தோளில் உட்கார்ந்து. ஞாபகம் இருப்பது வேர்க்கடலை.

ஊருக்கு ஊர் ஜோஷ் அண்ணன் உண்டு என்றாலும் புதுச்சேரி ஜோஷ் அண்ணனுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதி, பிரான்சில் இருக்கும் சித்தப்பா மகன். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம், தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். இந்தத் தம்பி லீவுக்கு வரும்போது மற்றவர்களுக்கு சென்ட் பாட்டில், இவருக்கு உதிரிபாகம். அங்கே ஃபோர்டு விற்ற ஸ்ட்ரீட்கா என்கிற ரெண்டு சீட்டு வண்டியில் இருப்பது ஐகானின் ரோகாம் இன்ஜினுக்கு உறவுக்கார இன்ஜின்தான், 95 குதிரை. இந்த உண்மையைக் கண்டுபிடித்த நாள் முதல் அண்ணன் தன் வண்டியை ஸ்ட்ரீட்கா என்றே சொல்கிறார். "பாடிதான் ஐகான், ரத்தம் ஸ்ட்ரீட்கா." தம்பிக்குத்தான் பாவம், ஒவ்வொரு தடவையும் பெட்டியில் என்ன இரும்பு என்று கஸ்டம்ஸில் கேட்கிறார்கள்.

போன வருஷம் நோட்டில் எழுதினதைச் செய்தே தீருவது என்று முடிவாகி, வண்டி வில்லியனூருக்குப் போனது. கூடப்பாக்கம் ரோட்டில் ஒரு மேஸ்திரி, அதிகம் பேசமாட்டார். அண்ணன் ஸ்டேஜ் ஒன்னை விளக்கி முடிக்கும் வரைக்கும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அப்புறம் பிளக்கைக் கழற்றி, கேஜை வைத்து, கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டரில் 170, ஒன்றில் 165. "இன்ஜின் கல்லு மாதிரி கீதுண்ணா. வுட்டுட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க."

சாயந்திரம் வண்டி வேறு வண்டியாக இருந்தது. அரியூர் தாண்டியதும் அண்ணன் காலை அழுத்தினார். முதுகு சீட்டில் ஒட்டியது. குதிரைத்திறனை அளக்க அவருடைய டைனோ அதுதான். முதுகு ஒட்டினால் குதிரை ஏறிவிட்டது என்று அர்த்தம். பத்தே ஏறியிருக்கும் என்று மதிப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து ஆவலாகக் கேட்டார்:

"இன்னா மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தலண்ணா. நாலு பிளக்கு, ஒரு பிளக் ஒயரு. த்ராட்டில் பாடில கார்பன் மொத்தையா இருந்திச்சு, கழுவினேன். ஏர் ஃபில்டர்ல அரை மரக்கா நெல்லுத் தூசி. இன்ஜெக்டர சுத்தம் பண்ணேன். டயர்ல காத்தே இல்ல, புடிச்சேன். நாலாயிரத்து முன்னூறு குடுங்க."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. காசு மிச்சம், குதிரை லாபம், எதிலும் சந்தோஷமில்லை. ஏனென்றால் காலையில் டீக்கடையில் போய் என்ன சொல்வது? 'ஸ்டேஜ் ஒன் முடிச்சிட்டேன்' என்று சொல்லலாம். 'கழுவினேன்' என்று சொல்ல முடியுமா? உண்மையைச் சொன்னால், பழைய வண்டிக்குப் பலம் ஏற்ற நினைக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வேண்டியது அது முதலில் தொலைத்த பலத்தை மீட்டுக் கொடுப்பதுதான். அதற்கு அடுத்தது நல்ல டயர், நல்ல பிரேக். ஆனால் பிரேக் சத்தம் போடாது. இந்த வர்க்கத்துக்குச் சத்தம் போடாத எதுவும் அப்கிரேடு ஆகாது.

ஆகவே அடுத்த வாரமே சென்னைக்குப் போய், புதுப்பேட்டையில் சந்து சந்தாக அலைந்து, சிவப்பு நிறத்தில் ஒரு கோன் ஃபில்டரும், வாய் அகலமான சைலன்சரும் வாங்கி வந்து மாட்டினார். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, மாட்டுக் கொட்டகையின் வைக்கோல் பரணுக்குப் போனது. பானெட்டைத் திறந்தால் இப்போது காட்ட ஒன்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் கிருமாம்பாக்கத்துக்குக் கேட்டது. வண்டிதான் முன்னைப் போல் இழுக்கவில்லை. கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றைக் குழாய் வழியாக இழுத்தது. கோன் ஃபில்டர் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்து வெந்த காற்றை இழுக்கிறது. சூடான காற்று லேசானது, அதில் ஆக்ஸிஜன் குறைவு. இதை மேஸ்திரி சொன்னதும் அண்ணன் மூளை வேலை செய்தது. போர் போட வாங்கி மிஞ்சியிருந்த பி.வி.சி. குழாயை வளைத்து பம்பருக்குக் கீழே வரைக்கும் இறக்கினார்.

மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஃபெஞ்சல் புயல் அடிச்சப்ப பாகூர்ல எவ்ளோ தண்ணி நின்னுச்சு?"

"இடுப்பளவு."

"இந்தக் குழா அதைக் குடிச்சா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்ணா. அப்புறம் மாட்டுக்குத் தொட்டியா வெச்சுக்கலாம்."

குழாய் கழன்றது. வெந்த காற்றே மிச்சம். அண்ணன் சத்தத்தில் சமாதானம் தேடிக்கொண்டார்.

சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அடித்துச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வீதம் அபராதம், ஆறு மாதம் வரைக்கும் சிறை, அல்லது இரண்டும். இதைப் படித்ததும் வேறு யாராவது இருந்தால் நோட்டை மூடியிருப்பார்கள். அண்ணன் நோட்டில் புதுசாக ஒரு கலம் போட்டார். தலைப்பு, 'பொட்டாஷ்'. ஸ்டேஜ் த்ரீ வரைக்கும் எட்டு மாற்றம், நாற்பதாயிரம். ஆறு மாத ஜெயிலை எந்த உரத்தில் எழுதுவது என்று மட்டும் தெரியாமல் விட்டு வைத்திருக்கிறார்.

இதெல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது, எஃப்.சி. வருகிற வரைக்கும். சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும் ஒரு தடவை, அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016-ல் காட்டினார், 2021-ல் காட்டினார், இப்போது 2026. ஆர்.டி.ஓ. ஆபீசில் தேதி வாங்கியாகிவிட்டது. இந்த வர்க்கத்துக்கு இதற்கு ஒரு சடங்கு உண்டு: மாட்டியதை எல்லாம் கழற்றி, கழற்றியதை எல்லாம் மாட்டி, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே கொண்டுபோய் நிறுத்தி, சர்டிபிகேட் வாங்கிய கையோடு திரும்பக் கழற்றி மாட்டுவார்கள். ரெண்டு கூலி. அந்த ஒரு வாரம்தான் வண்டி ஒழுங்காக ஓடும்.

பழைய சைலன்சர் பம்புசெட்டில் கிடைத்தது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுக்க மேஸ்திரி பரண் மேல் ஏறினார். ஏறினவர் கீழே இறங்காமல் அங்கிருந்தே கூப்பிட்டார்.

பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, அண்ணியின் செவலைக் கோழி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அடியில் ஒன்பது முட்டை.

"எப்ப வெச்சே?" என்று அண்ணன் உள்ளே பார்த்துக் கத்தினார்.

"முந்தாநேத்து," என்றாள் அண்ணி. "நல்ல டப்பாங்க. அடக்கமா கீது, காத்தும் வருது."

அடை காக்க இருபத்தொரு நாள். எஃப்.சி.க்கு ஒன்பது நாள். கூடைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. அடைக்கு உட்கார்ந்த கோழியை இடம் மாற்றினால் எழுந்து போய்விடும், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் பரண் ஏறக் கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாள். இருபது மூட்டை டி.ஏ.பி. விவகாரம் இன்னும் முடியாமல் இருப்பதால் அண்ணனும் மறுபேச்சு பேசவில்லை.

நான் போனபோது திண்ணையில் உட்கார்ந்து தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். பேர், முகவரி, வண்டி நம்பர் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'காரணம்' என்கிற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.