சமாளித்தல்: ஒரு மூவிட ஆய்வு

ஆங்கிலேயர் 'கெட் ஓவர்' என்று இரண்டு சொல் செலவழித்துத் தொல்லையைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டியதும் அது பின்னால் கிடக்கிறது. தமிழர் சமாளிக்கிறார்கள், தொல்லை பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறது. இவ்வினைக்கு இலக்கணம் வகுக்க ஏனாத்தூரைவிடத் தகுந்த களம் இல்லை: ஒருபுறம் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மறுபுறம் காஞ்சிபுரத்துத் தறிகள். சொல் தமிழா, இரவலா என்ற வினாவைப் பெரியவர்களுக்கே விட்டுவிடுகிறோம். அவர்களுக்கும் பொழுது போக வேண்டும்.

எமது கோட்பாடு இது: சமாளித்தலின் பொருளை முடிவு செய்வது இடம். தன்மையில் அது வீரம். "எப்படியோ சமாளிச்சிட்டேன்" என்பவர் பரணி பாடப்படத் தக்கவர். படர்க்கையில் புரட்டு, "அவன் சமாளிக்கிறான்" என்றால் பொய் சொல்கிறான் என்று பொருள். செய்த காரியம் ஒன்றேதான். முன்னிலையிலோ அது உத்தரவு. இதற்குச் சான்று குழித்தறியில் கிடைக்கும். ஐப்பசி மழையில் குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வெயில் இராது. நெய்யாத நாளுக்குக் கூலியும் இராது. முன்பணம் கேட்டால் வரும் விடை: "இந்த மாசம் கொஞ்சம் சமாளிச்சுக்கோங்க." இலக்கண நோக்கில் குறிக்கத்தக்கது, இதைச் சொல்பவர் எப்போதும் நனையாதவர். 2019இல் அத்திவரதர் 40 ஆண்டுக்குப் பின் எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தபோது, கூட்டம் அலைமோதிய காஞ்சி முழுதும் நடந்தது இந்த ஏவல் வினையின் ஆட்சியே.

நன்னூலின் 462 நூற்பாக்களில் இது எங்கே என்று தடை எழுப்புவர். இல்லைதான். ஆனால் ஆய்வுலகில் சொல்லாதது சொன்னதைவிட வலிய சான்று. தொல்காப்பியர் சொல்லியிருப்பார், அந்த ஏட்டைக் கறையான் தின்றிருக்கும், தின்றதற்குச் சான்று, ஏடு இல்லாமையே. இம்முறையின் உறுதியில் ஐயுறுவோர் நூலக அடுக்குகளில் தூசு படிந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காண்க.

எல்லாத் தொழிலிலும் படர்க்கைப் பொருள் செல்லுமா என்பது அடுத்த தடை. செல்லாது. சேலையின் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வை பிசகினால், அந்தப் பிசகு சேலை கிழியும்வரை தெரியும். பட்டில் சமாளிக்க இயலாது. வாய்மொழித் தேர்வில் இயலும். மாணவர் கேள்வியைச் சமாளிக்கிறார், ஆய்வேட்டைப் பிரிக்காத தேர்வாளர் மாணவரைச் சமாளிக்கிறார், வெளியே வந்து இருவரும் தன்மையில் பேசிக்கொள்கிறார்கள். ஆதலால் படர்க்கைச் சமாளிப்பு கற்றோர்க்கே உரிய வழக்கு. தறிக்காரருக்கு அதில் பங்கில்லை.