சுடாத துப்பாக்கியைத் துடைப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ, கம்பெனி கேட்டில், வங்கி வாசலில், பணம் ஏற்றும் வேன் பக்கத்தில், ஒரு பழைய துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் அண்ணன்மார்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. உங்களுடையது இரட்டைக்குழலாக இருக்கலாம், போல்ட் வைத்த ஒற்றைக்குழலாகவும் இருக்கலாம். எதுவானாலும் இரண்டு விஷயம் பொது. அது உங்களைவிட வயதில் மூத்தது. அது கடைசியாக எப்போது சுட்டது என்று கேட்டால் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது.

1. துப்பாக்கியின் குலம் கோத்திரம்

பன்னிரண்டு போர் என்றால் பன்னிரண்டு குண்டு போடலாம் என்று பக்கத்து டீக்கடையில் சொல்வார்கள். மறுக்காதீர்கள், மரியாதை கூடும். உண்மை வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை நுழையும் குழல் அது, ஏறக்குறைய 18.5 மி.மீ.

போல்ட் வைத்த ரகத்துக்கு நம் நாட்டில் பிரபலமான மூதாதை 410 மஸ்கட். ராணுவத்தின் 303 லீ என்ஃபீல்டு ரைஃபிளை வங்காளத்து இஷாப்பூர் ஆலையில் வாங்கி வைத்து, குழலுக்குள் இருந்த வரிகளைக் குடைந்து வழுவழுப்பாக்கினார்கள். பத்துத் தோட்டா பிடிக்கும் மாகசின் இருந்த இடத்தில் மரக்கட்டையை அடைத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று ஆக்கி, போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்தார்கள். காவல்காரனிடம் துப்பாக்கி இருக்க வேண்டும். ஆனால் அது ரொம்பத் துப்பாக்கியாக இருந்துவிடக் கூடாது. இந்தத் தத்துவம் மனதில் பதிந்துவிட்டால் மீதிப் பராமரிப்பு சுலபம்.

2. தேவையான சாமான்கள்

என்சிசியில் இருந்தவருக்குத் தெரியும்: நுனியில் கனம் கட்டிய புல்த்ரூ கயிறு, சிந்தித் துணி. துடைக்க 4 அங்குலத்துக்கு 2, எண்ணெய் போட 4 அங்குலத்துக்கு ஒன்றரை. இந்த ஏரியாவில் சிந்திக்குப் பதிலாகக் கிடைப்பது பனியன் வேஸ்ட். அதைப் போட்டால் பிசிறு போல்ட்டுக்குள் தங்கும். பழைய பருத்தி வேட்டி உத்தமம்.

எண்ணெயில் கவனம் தேவை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழி நைட் ஷிப்டில் துப்பாக்கியும் உங்களோடு சேர்ந்து விறைக்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும்.

3. துடைக்கும் முறை

முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. "காலிதான் சார்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நீங்களே சொன்னாலும். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். சந்தேகம் தீர்ந்த பிறகே போல்ட்டை முழுசாக உருவ வேண்டும்.

இப்போது பின்பக்கத்திலிருந்து குழல் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டமாகத் தெரிந்தால் நல்லது. ஒன்றுமே தெரியாவிட்டால் உள்ளே குளவி குடியிருக்கிறது. புல்த்ரூவோடு மல்லுக்கட்டாமல் குச்சியால் மெல்லக் குத்துங்கள். முதலில் காய்ந்த மண் உதிரும். அடுத்து மண் அறை உடைந்து, குளவி தன் குஞ்சுக்காகக் கொட்டி மயக்கி அடைத்து வைத்த சிலந்திகள் ஒவ்வொன்றாக வந்து விழும், கால் மடங்கி, நிறம்கூட மாறாமல். சிரித்துக்கொண்டே கூட்டித் தள்ளலாம். ஆனால் அந்த மண்ணோடு சுட்டிருந்தால் வெடித்திருப்பது குழல்.

பழைய ரகத் தோட்டாவைச் சுட்டிருந்தால் தோட்டாவின் அடியில் உள்ள கேப்பின் மருந்து குழலுக்குள் உப்பை விட்டுப் போகும். எண்ணெயில் உப்பு கரையாது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம் எண்ணெய். உங்களுடையது சுடாத துப்பாக்கி என்பதால் இந்த வெந்நீரை டீ போட வைத்துக்கொள்ளலாம்.

4. குறையும் நிவர்த்தியும்

குறை: வெளியே புள்ளி புள்ளியாகத் துரு.
காரணம்: கிழக்கே பழவேற்காட்டு உப்புக்காற்று, சுற்றிலும் இரும்பாலைத் தூசி. போதாததற்கு ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனம். ஈரச் சந்தனம் இரவெல்லாம் இரும்பில் உட்கார்ந்தால் மறுநாள் பொட்டுக்கு அடியில் இன்னொரு பொட்டு இருக்கும்.
நிவர்த்தி: சந்தனத்தைக் கட்டைக்கு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

குறை: போல்ட் மூடவில்லை, அல்லது லொடலொடவென்று ஆடுகிறது.
காரணம்: அதே ஆயுத பூஜை. நாலு துப்பாக்கியின் போல்ட்டையும் கழற்றி ஒரே தாம்பாளத்தில் வைத்துத் துடைத்திருப்பீர்கள். ஒவ்வொரு போல்ட்டும் தன் துப்பாக்கிக்கென்று பொருத்தப்பட்டது. மாறிப்போனால் தோட்டாவின் அடி சரியாக உட்காராது, அது விளையாட்டில்லை.
நிவர்த்தி: லீ என்ஃபீல்டு வகையில் போல்ட்டின் பிடியில் எண் அடித்திருக்கும். துப்பாக்கி எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

குறை: தோட்டா உள்ளே போக மறுக்கிறது.
காரணம்: பல வருஷமாக அதே சக்திமான் தோட்டாவை இடுப்பு பெல்ட்டில் சுமக்கிறீர்கள். வேர்வையும் மழையும் குடித்து அது உப்பிவிட்டது.
நிவர்த்தி: தட்டித் திணிக்க வேண்டாம். மொட்டை மாடியில் வடகத்தோடு காயவைக்கவும் வேண்டாம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

குறை: விசையை இழுத்தால் 'டிக்' என்கிறது, வெடிக்கவில்லை.
காரணம்: ஊசி தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கேப் நமுத்திருக்கலாம்.
நிவர்த்தி: குழலை எட்டிப் பார்க்காதீர்கள். நமுத்த தோட்டா தாமதமாக வெடிப்பதும் உண்டு. ஆளில்லாத பக்கம் காட்டியபடியே ஒரு நிமிஷம் பொறுத்து, பிறகு திறங்கள்.

குறை: ஒரு திருகு கழன்று தொலைந்துவிட்டது.
காரணம் கிடக்கட்டும், நிவர்த்திக்கு வருவோம். சுற்றுவட்டாரத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்து தரும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனை ஏழு வருஷம். பத்து ரூபாய்த் திருகுக்கு இது கொஞ்சம் அதிகம். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைதான் ஒரே வழி.

குறை: துப்பாக்கியையே காணோம்.
காரணம்: தேர்தல் அறிவித்திருக்கிறார்கள். வங்கிக் காவலுக்கு வழக்கமாக விலக்கு உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டிவரும்.
நிவர்த்தி: எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள். பாலிதீன் கவரில் கட்டினால் ஈரம் உள்ளேயே வேர்க்கும். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதுக்கு எண்ணெய் போட வேண்டாம்.

5. காகிதப் பராமரிப்பு

குழலில் துரு ஏறினால் கேஸ் கிடையாது. லைசென்ஸில் தேதி தாண்டினால் உண்டு. ஆகவே துப்பாக்கியைத் துடைக்கும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். 2019 வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இருந்த புதுப்பித்தல் இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. துப்பாக்கி எண், புத்தகத்தில் உள்ள எண், தோட்டாக் கணக்கு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். துப்பாக்கியில் எண் தேய்ந்துவிட்டது என்று ஆணியால் கீறித் தெளிவாக்க நினைப்பவர் அடுத்த பத்தியைப் படிக்க வெளியில் இருக்க மாட்டார்.

6. பிடிப்பவர் பராமரிப்பு

எல்லாம் சரிசெய்தாயிற்று. போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது, குழல் பளபளக்கிறது, தேதி பாக்கி இருக்கிறது. ஆனாலும் அதிகாலை மூன்று மணிக்குத் துப்பாக்கி மெல்லச் சாய்ந்து கேட்டில் மோதுகிறது. இது துப்பாக்கியின் குறையல்ல. சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்கிறது. 12 மணி நேர ஷிப்டில் ஆறு நாள் நின்றால் 72 வருகிறது. அதிகப்படி 24 மணி நேரம் முட்டியில்தான் இறங்கும், அதற்கு எந்த எண்ணெயும் கிடையாது.

நிவர்த்தி ஒன்றுதான்: இரண்டு ஷிப்டை மூன்றாக்கி இன்னொரு ஆள் போடுவது. எழுதிக் கேளுங்கள். அதே தாளில் பழைய பருத்தி வேட்டித் துணி அரைக் கிலோ என்றும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றாவது சாங்ஷன் ஆகும்.